குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்லுங்க

அமெரிக்க கிளையண்டுக்கு வேலை பார்க்க ஜாவா மட்டும் தெரிந்தால் போதாது. பேஸ்பாலும் தெரிய வேண்டும். சோழிங்கநல்லூரில் ராத்திரி எட்டரைக்கு கான்ஃபரன்ஸ் கால் தொடங்கினால் 'டச் பேஸ்', 'கர்வ்பால்', 'ஹோம் ரன்' என்று திசைக்கொன்றாகப் பந்து வரும். நாங்களோ தெருவில் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த கூட்டம்.

அகராதியைப் புரட்டினால் இது பிடிபடாது. சொன்ன பிறகு யார் தலையில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். 'டச் பேஸ் பண்ணுவோம்' என்றால் காலண்டரில் இன்னொரு மீட்டிங் விழுந்தாயிற்று. 'பேண்ட்வித் இருக்கா?' என்பது கேள்வியே அல்ல, சனிக்கிழமை போச்சு. 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்' எல்லாம் ஆன்சைட்காரர் பறித்துக்கொள்வார். உச்சாணிக் கொம்பு சென்னைக்கு.

விருதுநகரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, 'டேக் இட் ஆஃப்லைன்'னா நெட்டை ஆஃப் பண்ணணுமா?"

"இல்லடா தம்பி. திட்டுறதைத் தனியாக் கூப்பிட்டுத் திட்டுவாங்க."

ஒரு ரிலீஸ் ராத்திரி, பில்ட் உடைந்து கிடந்தது. மினியாபொலிஸ் மேனேஜர் பெருமூச்சு விட்டு, "இனி ஹெய்ல் மேரிதான்" என்றார். டெஸ்டிங் அக்கா அந்த நிமிஷமே வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். தேடிப் பார்த்தால் அக்கா செய்ததுதான் சரி. 1975 டிசம்பர் 28 அன்று, தோற்கும் நிலையில் இருந்த டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் ரோஜர் ஸ்டாபக் கடைசி நிமிடத்தில் பந்தை நெடுந்தூரம் வீசினார். ட்ரூ பியர்சன் பிடித்தார். டல்லஸ் 17–14 என்று ஜெயித்தது. கண்ணை மூடி 'ஹெய்ல் மேரி' என்ற மாதா ஜெபம் சொன்னேன் என்றார் ஸ்டாபக். அமெரிக்க ஃபுட்பாலில் அந்தச் சொல் ஊரறியப் பரவியது அதற்குப் பிறகுதான். அன்று தோற்றது மினசோட்டா வைகிங்ஸ், அதாவது நம்ம மேனேஜர் ஊர் அணி. அவர் அதை ஏன் பெருமூச்சோடு சொன்னார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'பால்பார்க் ஃபிகர்'. "சும்மா குத்துமதிப்பா ஒரு நம்பர், யாரும் பிடிச்சுக்க மாட்டாங்க" என்பார்கள். வாய் தவறி "மூணு வாரம்" என்றால், மறுநாள் மின்னஞ்சலில் அது தேதியாக வந்து நிற்கும், ஐந்து பேருக்கு சிசி போட்டு.

இதற்கு எங்கள் டீமில் ஒரு தொழில் உத்தி உண்டு. மூன்று வார வேலை என்றால் ஆறு என்போம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "இது ரொம்ப அதிகம். மீட் மீ ஹாஃப்வே" என்பார் மேனேஜர். கஷ்டப்பட்டு ஒத்துக்கொள்வதுபோல் குரலை இறக்கி, "சரி, மூணு" என்போம். பாண்டி பஜாரில் சட்டைக்குப் பேரம் பேசிப் பழகினவர்களிடம் அவர் பாவம், பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கிறார்.