வசூலுக்கு வந்த தளபதி

வடக்கிலிருந்து கரையோரமாகக் காரைக்காலுக்கு வருகிறவருக்கு மண்டபத்தூர்ப் பக்கம்தான் வாசல். 1758-இல் இந்தக் கரைக்கு எழுந்தருளியவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. அயர்லாந்துக் கத்தோலிக்க வம்சம். புராட்டஸ்டண்ட் மன்னன் வில்லியமிடம் தோற்று நாடு விட்டோடிய கூட்டத்தின் பிள்ளை. அங்கே பறிபோன மண்ணுக்கு இங்கே தஞ்சாவூர்க்காரன் வட்டி கட்ட வேண்டும். நியாயம்தானே?

தஞ்சை மன்னர் பிரதாப்சிங்கை 1749-இல் பிரெஞ்சுத் தரப்பு நெருக்கி எழுதி வாங்கிய கடன் பத்திரம் ஒன்று இருந்தது. தொகை அரைக்கோடி ரூபாய்க்கும் மேல். அதைத் தூசி தட்டி வசூலிக்க யோசனை சொன்னவர் புதுச்சேரிச் சேசு சபைத் தலைவர் லவூர் பாதிரியார். பாவமன்னிப்புக் கேட்கும் காதுக்குப் பணக் கணக்கும் நன்றாகவே கேட்டிருக்கிறது.

வண்டி இழுக்க மாடில்லை. புதுச்சேரி ஜனங்களைப் பிடித்து, சாதி பாராமல் நுகத்தில் பூட்டினார் துரை. பிரான்சு 1789 புரட்சியில் கண்டுபிடித்த சமத்துவத்தை முப்பது வருஷம் முன்பே நமக்கு இலவசமாகக் காட்டிவிட்டார்!

காரைக்காலில் சிப்பாய்க்குச் சோறில்லை. நாகூர் சூறையானது. பிறகு கீழ்வேளூர் சிவன் கோயில். தரையைத் தோண்டினார்கள், குளத்தைத் துழாவினார்கள். தங்கம் என்று நம்பித் தூக்கிய விக்கிரகங்களில் தங்கமில்லை. ஏமாந்த கோபத்தை எங்கே தீர்ப்பது? கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்த பிராமணர் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். தங்கள் கோயில் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்ததுதான் குற்றம்.

தஞ்சைக் கோட்டை மசியவில்லை. வெடிமருந்து தீர்ந்தது. ஆங்கிலக் கப்பல்கள் காரைக்காலுக்கு எதிரே வந்துவிட்டதாகச் சேதி வந்ததும், பத்திரத்தை மடித்துக்கொண்டு படை பசியோடு திரும்பியது. 1760-இல் காரைக்கால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று, 1761-இல் புதுச்சேரி. வென்ற புராட்டஸ்டண்ட் கனவான்கள் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் பைபிள்தான்.

தோற்ற தளபதியை 1766-இல் பாரிசில் வாயடைத்து இழுத்துப்போய்த் தலையை வெட்டினார்கள். எதற்கு? மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தாராம். கீழ்வேளூருக்காக அல்ல, அவ்வளவு அப்பாவிகளா நாம்! அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் வாதாடினார். 1778-இல் தீர்ப்பு ரத்தானது. அந்த ஆறு பேருக்காக எந்த வால்டேரும் பேனாவைத் தொடவில்லை.

புதுச்சேரி வெள்ளையர் நகரில் லாலி பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. வார இறுதியில் இடமே கிடைக்காது, ஜோடி ஜோடியாகப் படம் எடுக்கிறோம். ஆமாம், நாம்தான்.