சித்திரையில் வீடு பார்த்தல்

கோவில்பட்டியில் வீடு வாங்கப் புறப்படும் கனவான்கள் பரிசோதனை செய்யாமல் வாங்குகிறார்கள் என்று எவரும் அபவாதம் சொல்ல முடியாது. வாஸ்து நிபுணர் ஈசானிய மூலையை அளக்கிறார்; மைத்துனர் குழாயைத் திறந்து பார்க்கிறார்; வக்கீலோ மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வரிவரியாக வாசிக்கிறார். ஆனால் அஸ்திவாரத்துக்கு அடியிலே கிடந்து, ஐப்பசி மழையில் உப்பியும் சித்திரை வெயிலில் சுருங்கியும், மேலே நிற்கும் சுவரை ஆண்டுதோறும் தூக்கி இறக்கும் கரிசல் மண்ணின் வில்லங்கம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாவதில்லை.

அது பதிவாகும் ஸ்தலம் ஜன்னலின் மூலை. அங்கிருந்து சாய்வாக ஏறும் விரிசலைக் காட்டினால், "வெறும் பூச்சு வெடிப்பு, அண்ணாச்சி" என்பார் தரகர். பூச்சு வெடிப்பு மயிரிழையாய்க் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நாணயத்தின் விளிம்பு நுழையும் அகலத்தில் மூலைவாட்டாகப் பிளந்திருப்பது அஸ்திவாரத்தின் பிரலாபம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், இத்தகைய மண்ணுக்கென்றே அடிப்பாகம் குமிழாக விரிந்த தூண் அஸ்திவாரத்தை ஆராய்ந்து வகுத்துப் பல்லாண்டுகளாயின. அது இங்கே போடப்பட்டதா என்று விசாரித்தால், கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த பிரமுகர்களின் ஜாபிதா பதிலாகக் கிடைக்கும்.

புதுச் சுண்ணாம்பின் வாசனை மாறாத வீடாயின், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியும்வரை, அட்வான்ஸை மடியிலேயே வைத்திருங்கள்.