நதிமூலம் பார்க்காதீர்

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்த புண்ணியவான் கொடைக்கானலுக்கு வந்துபோனவராகத்தான் இருக்க வேண்டும். வத்தலக்குண்டு சாலையில் மலையேறி வருகிறவர்களுக்கு, ஊர் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே வெள்ளி நீர்வீழ்ச்சி தரிசனம் கொடுத்துவிடும். வேன் நிற்கும். ஜனம் இறங்கும். பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். பக்திமான் ஒருவர் இரு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார். அந்தத் தீர்த்தத்தின் நதிமூலம் மேலே ஊர் நடுவில் இருக்கிற ஏரி. அதன் உபரிநீர்தான் இங்கே அருவியாக விழுகிறது. ஏரிக்குள் எந்தெந்த விடுதியின் கழிவுநீர் இறங்குகிறது என்பது ஏரிக்கரையில் கடை போட்டிருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். போன வாரம் வந்து தங்கிய மச்சான் விட்டுப்போனதை இந்த வாரம் மாமா தலையில் தெளித்துக்கொள்கிறார். உறவு என்றால் இதுவல்லவா உறவு!

1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து இந்த ஏரியைக் கட்டினார். வெள்ளைக்காரன் தண்ணீரை நிறுத்தினான், நாம் வண்டியை நிறுத்தினோம். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று சொன்னால், கரைக்கு நடைபாதையும் கலர் விளக்கும் வரும் என்று அர்த்தம். தண்ணீர் தன் அழகைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

குணா குகை கதை இன்னும் விசேஷம். 1991இல் ஒரு படம் அதற்குப் பேர் வைத்தது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது. வேலி தாண்டிப் போனவன் குழிக்குள் விழுந்து நண்பர்கள் கதறுகிற கதை. அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு, குழியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்துவிட்டது தமிழகமும் கேரளமும்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. போனில் நாலு தட்டு தட்டினால் பாஸ். அப்போது எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதற்குப் பேர் கட்டுப்பாடு. அடுத்த ஆண்டுதான், ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. கோடையில் குழாயடியில் காலிக் குடத்தோடு நிற்கிற எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் ஓசியிலேயே சொல்லியிருப்பார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்து விடுதிக்குத் தண்ணீர் லாரி போகிறது. அங்கே அறைக்கு அறை ஷவர்; மலைக்கு வந்தவர்கள் குளிருக்கு இதமாக நீராட வேண்டாமா?

குளிக்கட்டும். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால், தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ கொண்டு போகச் சொல்கிறார்கள். உலகமே வந்து போகிற ஊருக்கு ஓர் உருப்படியான ஆஸ்பத்திரி தர இத்தனை ஆண்டுகளில் எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லை. மே மாத ஞாயிற்றுக்கிழமை மூஞ்சிக்கல்லில் தொடங்கிப் பெருமாள்மலை வரை வண்டிகள் வாலைப் பிடித்து நிற்கும்போது, அதற்குள் சைரன் அலறிக்கொண்டு ஆம்புலன்ஸும் நிற்கும். முன்னால் நிற்கிற காரிலிருந்து ஒருவர் இறங்கி, குரங்குக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருப்பார். கேட்டால், மலைச்சாலை குறுகல், என்ன செய்வது என்பார்கள் அதிகாரிகள். அமைச்சர் ஓய்வெடுக்க வருகிற நாளில் மட்டும் அதே சாலை அரை மணி நேரத்தில் காலியாகிவிடுகிறது, ஓர் அடிகூட அகலப்படுத்தாமல்.