காய்க்கக் கூடாத செடி

எங்கள் கொங்கு நாட்டில் ஒரு செடி வாசலுக்குள் நுழைய வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காய்க்குமா? விலை போகுமா? முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி எல்லாம் இந்த நேர்காணலில் தேறி வந்தவைதான். பூவுக்கும் விலக்குக் கிடையாது. சத்தியமங்கலத்து மல்லியைக் கையில் கொடுத்தால், முகர்வதற்கு முன்பே "இன்னிக்குக் கிலோ என்ன விலைங்க?" என்று கேட்கிற ஊர் இது.

இப்படிப்பட்ட கோயம்புத்தூருக்கு, ஊட்டியிலிருந்து ஸ்வீட் பீஸ் என்ற பூங்கொடியின் விதை வாங்கி வந்தேன்.

"ஏஞ்சாமி, இது காய்க்குமா?" என்றார் அம்மா.

"காய்க்கும்மா. ஆனா திங்கக் கூடாது. விதையில வெசம்."

"அப்ப வெசத்துக்கா தண்ணி ஊத்தப் போறே?"

பட்டாணிக்குப் பங்காளிதான், ஆனால் சமையலறைக்கு ஆகாத பங்காளி. விதைத்தோல் கெட்டி, இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். அப்படியும் அசையாததை நகவெட்டியால் லேசாகக் கீறிவிட வேண்டும். அடுப்பு மேடையில் ஒரு டம்ளரில் ரசத்துக்கான கொள்ளு. பக்கத்து டம்ளரில் மிளகைவிடச் சற்றே பெரிதாய், உருண்டு கறுத்த என் விதை. 'தொடாதே' என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். அம்மா இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். கொள்ளைத் தூக்கிக்கொண்டு பூஜை அறைக்குப் போய்விட்டார்.

ஆடிப்பட்டமெல்லாம் இதற்குச் சரிப்படாது. ஐப்பசியில் ஊன்றினால் மார்கழிக் குளிரில் தேறும். மாசி வெயில் ஏறினால் படுத்துவிடும். மூன்று நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும், அப்போதுதான் பக்கக்கிளை வரும் என்று புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மா கிள்ளி முடித்திருந்தார். "அவரைக்குச் செய்யறதுதானே!"

தை மாதம் பூத்தது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாய், மாடிப்படி வரை மணம். மனைவி ஒரு கொத்தைத் தலையில் வைத்துப் பார்த்தாள், மதியத்துக்குள் துவண்டது. தண்ணீரில் நிறுத்தினால் மட்டும் மூன்று நான்கு நாள் தாங்கும். அத்துடன் ஒரு விதியும் உண்டு. பூக்கப் பூக்கப் பறித்துவிட வேண்டும். பிஞ்சு பிடிக்க விட்டால், வந்த வேலை முடிந்ததென்று செடி பூப்பதையே நிறுத்திக்கொள்ளும்.

இதைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்துவிட்டார். "காய்க்க விடாம ஒரு செடிய வளர்க்கறதா? இந்தக் கூத்து எந்த ஊர்ல நடக்குது?"

நடந்த ஊரைச் சொன்னேன். 1699இல் சிசிலித் தீவிலிருந்து குப்பானி என்ற துறவி இந்த விதையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். போகப் போக வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பூவின்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. 1911இல் டெய்லி மெயில் பத்திரிகை சிறந்த பூங்கொத்துக்கு 1000 பவுண்டு பரிசு அறிவித்தது. முதல் பரிசு, ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் மனைவிக்கு. பாதிரியாருக்கு மூன்றாம் பரிசு.

"சரியாத்தான் குடுத்திருக்காங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அம்மாவுக்கு வேறு கணக்கு. அந்தக் காலத்தில் ஒரு பவுண்டு என்றால் ஒரு தங்கக் காசு. எடை, நம் ஒரு பவுன். ஆயிரம் பவுன். ஏறக்குறைய 8 கிலோ தங்கம், ஒரு கொத்துப் பூவுக்கு! அம்மா எழுந்தார். சரிந்து கிடந்த கொடியொன்றை எடுத்துக் கயிற்றில் பதவிசாகப் படரவிட்டார்.

"ஏஞ்சாமி, அந்தப் போட்டி இப்பவும் நடக்குதா?"