எண் பெயர்ச்சிப் பலன்கள்: ஓர் ஆய்வு

சங்க காலத்து வணிகம் பற்றித் தமிழ் ஆய்வுலகம் சளைக்காமல் எழுதியிருக்கிறது. மிளகு போனது, முத்து போனது, ரோமானியப் பொற்காசு வந்தது. இன்றைக்குத் துணிக்கடையிலிருந்து வீட்டுமனை விற்பவருக்கும், கண்ணாடிக் கடையிலிருந்து கடன் கொடுப்பவருக்கும் ஓயாமல் கைமாறும் சரக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றி ஓர் ஆய்வேடும் என் கண்ணில் படவில்லை. அந்தச் சரக்கு நம்முடைய கைபேசி எண். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதன்மை மூலம் என் கைபேசி. துணைமை மூலங்கள் வீட்டாரின் கைபேசிகள். கருதுகோள் வருமாறு: பில் போடும் இடத்தில் உரக்கச் சொல்லப்படும் எண், சொன்னவர் வீடு போய்ச் சேருமுன் வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிடும். நெறியாளர் எவரும் அமையவில்லை. நான் அணுகிய பேராசிரியர், தலைப்பைக் கேட்டதுமே தம் எண்ணை எனக்குத் தர மறுத்துவிட்டார். அதுவும் ஒரு சான்றாகவே கொள்ளப்பட்டது.

முதலில் வரலாறு. கேளாமல் வரும் விளம்பரம் கைபேசிக் காலத்துப் பிள்ளை அன்று. 1864இல் லண்டனில் சில பாராளுமன்ற உறுப்பினர்களின் வீடுகளுக்கு இரவு நேரத்தில் தந்தி வந்தது. அக்காலத்தில் இரவுத் தந்தி என்றால் சாவு அல்லது போர். பிரித்துப் பார்த்தால், கேப்ரியல் என்ற பல் மருத்துவர்கள் அக்டோபர் வரை காலை 10 முதல் மாலை 5 வரை நோயாளிகளைப் பார்ப்பார்கள் என்ற அறிவிப்பு. கொதித்துப்போன ஒருவர் டைம்ஸ் நாளேட்டுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். கடிதம் தந்தியின் வாசகத்தோடு அச்சேறியதால் கேப்ரியலுக்கு இரண்டாவது விளம்பரம் செலவில்லாமல் கிடைத்தது. புகார் கொடுப்பவர்கள் இன்றுவரை மறக்கக்கூடாத முன்னுதாரணம் இது.

1978 மே மாதம் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துவர்க், கணினி வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மின்னஞ்சலை அனுப்பினார். முகவரிகளை அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்தார்கள். திட்டு பலமாக விழுந்தது. ஆனால் அதனால் கோடிக்கணக்கில் விற்பனை ஆனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். இந்தத் தொழில் ஏன் சாகவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நம் பங்குக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. ஏழுமலையான் பெயரால் அஞ்சலட்டை வரும். அதை நகலெடுத்து இத்தனை பேருக்கு அனுப்பினால் லாட்டரி விழும், கிழித்துப் போட்டால் ரத்தம் கக்க நேரும். அனுப்புகிற ஒவ்வொருவரும் தம் உறவினர் முகவரிகளைத் தாமே எடுத்துக் கொடுத்தார்கள். பட்டியலுக்குக் காசே கொடுக்காமல் நடந்த விநியோகம் அது.

இனி எண் சேகரிக்கப்படும் களங்கள். முதலாவது, பில் போடும் இடம். "சார், மொபைல் நம்பர் சொல்லுங்க" என்று கேட்கும் அந்தப் பெண்ணின் குரலில் ஆசையோ அதட்டலோ கிடையாது. பெயர் கேட்பதுபோலக் கேட்பார். நாமும் நைன் எயிட் என்று தொடங்கி, டபுள், ட்ரிபிள் எல்லாம் சேர்த்து, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளும் தெளிவோடு ஒப்பிப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சம்பளம் கேட்டால் மழுப்புகிறவர்கள், இரண்டு மீட்டர் பாவாடைத் துணிக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு, பில்லைக்கூடச் சரிபார்க்காமல் கிளம்புகிறார்கள்.

இரண்டாவது களம் குலுக்கல் பெட்டி. பொருட்காட்சியில் அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். பக்கத்தில் ஒரு கார் நிற்கும். சீட்டில் பெயர், எண், வயது, மணமானவரா, சொந்த வீடா, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியரை வாசலோடு அனுப்பிவிடும் குடும்பத் தலைவர், இங்கே மச்சான் முதுகில் சீட்டை வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவார். மச்சானுக்கும் சேர்த்து ஒரு சீட்டு போடுவார். கார் யாருக்கு விழுந்தது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. ஆனால் சில நாளில் தொலைபேசி வரும்: உங்களுக்குப் பரிசு, மூன்று நாள் இரண்டு இரவு சுற்றுலா, வாங்கிக்கொள்ள நட்சத்திர ஓட்டலுக்கு வாருங்கள், கட்டாயம் மனைவியோடு வர வேண்டும். மனைவி ஏன்? உறுப்பினர் கட்டணத்துக்குக் கையெழுத்துக் கேட்கும்போது, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று கணவர் நழுவக்கூடாது அல்லவா. இத்துறையில் மனித மனம் பற்றி இவ்வளவு நுட்பமான கண்டுபிடிப்பு வேறில்லை.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். கார் வாங்கினால் காப்பீடு, ஜிஎஸ்டி பதிவு செய்தால் தொழில் கடன், பிள்ளை பிளஸ் டூ எழுதினால் முடிவு வருமுன்னே பொறியியல் கல்லூரிகள்.

நம்மிடமும் ஒரு பழைய பட்டியல் உண்டு. அது மொய் நோட்டு. பெயர், ஊர், தகப்பனார் பெயர், தொகை என்று எந்த விளம்பர நிறுவனமும் ஏங்கக்கூடிய விவரங்கள் அதில் வரிசையாக இருக்கும். யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிட நம்பகமான ஆவணம் வருமான வரித்துறையிடமும் இருக்காது. அது பீரோவில், சேலைக்கடியில் இருக்கிறது. எந்தக் கஷ்டத்திலும் எந்தக் குடும்பமும் அதை விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் எளிது: மொய் எழுதியவருக்குத் திருப்பிச் செய்யும் கடமை நோட்டு வைத்திருப்பவருக்கு இருக்கிறது. நம் எண்ணை வைத்திருக்கும் கடைக்கு நம்மிடம் அப்படி எந்தக் கடனும் இல்லை.

எண் எப்படிப் பெயர்கிறது என்பதை அறியச் சோதனை தேவைப்பட்டது. அமெரிக்காவில் முகவரிப் பட்டியலை வாடகைக்கு விடும் தரகர்கள், நடுநடுவே பொய்ப் பெயர்களை ஊன்றி வைப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தப் பெற்ற பட்டியலைச் சொல்லாமல் மறுமுறை பயன்படுத்தினால், அந்தப் பொய்ப் பெயருக்கும் கடிதம் வந்து திருட்டு வெளிப்பட்டுவிடும். இந்த முறைக்குத் தமிழனைவிடத் தகுதியானவன் கிடையாது. நமக்கு இனிஷியல் இருக்கிறது. ஆகவே துணிக்கடையில் பி., நகைக்கடையில் கே., மூக்குக்கண்ணாடிக் கடையில் கியூ. என்று கொடுத்து வைத்தேன். என் பரம்பரையில் கியூவில் தொடங்கும் பெயர் எவருக்கும் கிடையாது. பிறகொரு மதியத் தூக்கத்தில் அழைப்பு வந்தது. கியூ. என்று தொடங்கி, மரியாதையாக என் பெயரைச் சொல்லி, "பர்சனல் லோன் பாக்கறீங்களா சார்?" என்றார் ஒரு தம்பி. கருதுகோள் நிறுவப்பட்டது. என் பார்வை மங்கியது எனக்குக் கடன் தேவை என்பதற்கு அறிகுறி எனக் கண்டவர் யாரோ, அவருடைய தர்க்கத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

சட்டம் என்ன செய்தது? தொலைபேசித் தொல்லையைத் தடுக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007இலேயே விதி செய்தது. தொல்லை நிற்கவில்லை. 2010இல் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி ஒலித்தது. வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். நாட்டின் கடனையெல்லாம் கவனிப்பவரிடமே கேட்ட அந்தத் துணிச்சலுக்குப் பலன் இருந்தது. தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா நடவடிக்கை எடுக்கச் சொன்னார்; அவ்வாண்டு டிசம்பரில் புதிய விதிகள் வந்தன. 2011 செப்டம்பரில் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திதான் என்று எல்லை வைத்து, பின்பு 200 ஆக்கினார்கள். 2018இல் விதிகள் மீண்டும் மாறின. இப்போது அனுப்புநர் பெயருக்கு விகுதிகூட வந்துவிட்டது: பி என்று முடிந்தால் விளம்பரம், ஜி என்று முடிந்தால் அரசு. தனிநபர் தரவைக் காக்க 2023இல் சட்டம் வந்தது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அவற்றில் முக்கியமானவை நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம். அதுவரை பட்டியல்கள் சும்மா இருக்குமென்று நம்புகிறவர்கள் குலுக்கலில் காரையும் எதிர்பார்க்கலாம்.

ஆய்வின் முடிபு இதுதான்: எண்ணை விற்றவர் பலர், வாங்கியவர் பலர், ஆனால் முதன்முதலில் இலவசமாகக் கொடுத்தவர் நாம் ஒருவரே. கைபேசி எண் தந்தால்தான் பொருள் தருவோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. அடுத்த முறை கேட்டால், சிரித்துக்கொண்டே "வேண்டாம்மா, பேப்பர் பில் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே கொடுத்துக் கெட்டவர்கள் 1909ஐ அழைத்து எல்லா விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்லலாம். அதற்குப் பிறகும் எவராவது கூப்பிட்டால் அதே எண்ணில் புகார் கொடுங்கள். ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும்.