ஓடி முடித்தபின் ஓயாத ஓட்டம்

பெங்களூரில் 2008 முதல் உலக 10 கிலோமீட்டர் ஓட்டம் நடந்துவருகிறது. 2022இல் கென்யாவின் நிக்கோலஸ் கிமெலி 27 நிமிடம் 38 விநாடியில் ஓடி முடித்தார். பாவம், அரை மணி நேரம்கூட ஆகாத சமாச்சாரத்தில் மனிதர் என்னத்தைக் கற்றிருக்கப் போகிறார்? நம் ஐடி நண்பர்கள் அப்படியல்ல. ஒன்றரை மணி நேரம் ஓடுவார்கள், ஒன்றரை மாதம் அலசுவார்கள்.

திங்கட்கிழமை காலையே மீட்டிங். கைக்கடிகாரம் கக்கிய வரைபடங்கள் திரையில் மின்னுகின்றன. ஆறாவது கிலோமீட்டரில் வேகம் ஏன் படுத்தது? முதல் குற்றவாளி, காலுறை. அடுத்தது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் மெல்லிய காற்று. “பத்து வருஷமா இதே காத்தைத்தானே சார் சுவாசிக்கிறோம்?” என்று ஒருவர் முணுமுணுத்தார். அதற்கு டேட்டா இல்லை என்று தள்ளிவிட்டார்கள். செல்ஃபிக்காக நின்ற நான்கு நிமிடம் ‘திட்டமிட்ட இளைப்பாறல்’ ஆகிப் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. முந்தின இரவு உள்ளே போன பெண்ணெ தோசையை விசாரிக்கத் தனிக் குழு. வெண்ணெய் விஷயம், அவசரப்படக் கூடாது.

நாற்பது ஸ்லைடுகளில் இத்தனையையும் விளக்கியவரை மெச்சத்தான் வேண்டும். அன்று அலாரம் அடிக்காததால் அவர் ஓட வரவில்லை. அதனால்தான் பார்வையில் துளியும் பாரபட்சம் இல்லை.

அடுத்த ஆண்டு நீங்களும் பெயர் கொடுங்கள். ஷூ பழசானாலும் பரவாயில்லை, லேப்டாப்பில் முழு சார்ஜ் இருக்கட்டும்.