முப்பது மீட்டர் தண்ணீர் எங்கே கிடைக்கும்?

அனுப்புநர்:
கரும்பு விவசாயி ஒருவர் (தற்சமயம் வெறுங்கையர்),
மணவூர், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய மேலாளர் அவர்கள்,
உத்தரவாதப் பிரிவு,
கைக்கடிகாரக் கம்பெனி (பெயரைப் போட்டால் விளம்பரமாகிவிடும்),
சென்னை.

பொருள்: 30 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் இடம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சர்வீஸ் சென்டர் வழங்கிய ஜாப் கார்டு. குறிப்பு: "தண்ணீர் இறங்கியுள்ளது. வாடிக்கையாளர் கவனக்குறைவு."

பெருமதிப்பிற்குரிய ஐயா,

போன செவ்வாய்க்கிழமை தங்கள் கவுண்டரில் என்னைக் கௌரவித்த தம்பிக்கு முதலில் என் நன்றியைச் சேர்ப்பித்துவிடுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்து, எண்களில் பாதிக் கோடு மறைந்து, எட்டு மூன்றாகவும் ஆறு அஞ்சாகவும் தெரிகிற என் வாட்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்: "சார், கை கழுவினீங்களா?"

கழுவினேன் என்றேன். சாப்பிட்டால் கழுவுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வாட்சோடவா?"

டயலில் தாங்களே அச்சடித்திருக்கும் 30 மீட்டரைச் சுட்டிக் காட்டினேன். அவர் எல்.கே.ஜி. பிள்ளைக்கு அ, ஆ சொல்லித் தருகிற பொறுமையோடு சொன்னார்: "சார், முப்பது மீட்டர்னா முப்பது மீட்டர் இல்ல சார்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி என் நகக்கண்ணைப் பார்த்தார். "வயல் வேலையா சார்? அதுக்கெல்லாம் இது செட் ஆகாது. நூறு மீட்டர் மாடல் ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீங்களா?" நூறு மீட்டர் என்றால் என்ன செய்யலாம் தம்பி என்று கேட்டேன். "அதுல தைரியமா கை கழுவலாம் சார்."

ஆக, என் பிழை என்னவென்று யோசித்துப் பார்த்தேன். வாஷ்பேசினில் தண்ணீர் அரை அடிகூட நிற்காது. 30 மீட்டருக்குத் தயாரான ஒரு வாட்சை இவ்வளவு ஆழமில்லாத தண்ணீரில் காட்டினால் அதற்கு மானக்கேடுதானே? அதன் தகுதிக்கேற்ற தண்ணீரில்தான் முக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து தண்ணீர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கிணறு நாற்பதடி. அதில் தண்ணீர் நிற்பது கடைசிப் பத்தடியில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில். கொசஸ்தலை ஆற்றில் வருஷத்தில் பெரும்பகுதி நடந்தே அக்கரைக்குப் போகலாம், செருப்பு நனையாது. சரி, பூண்டி இருக்கிறதே என்று பார்த்தால், 1944இல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர், சென்னைப் பட்டணத்துக்கே குடிதண்ணீர் தருகிற பேரேரி, கிருஷ்ணா தண்ணீர் வந்து நிரம்பி வழிந்தாலும் 35 அடிதான். தங்கள் 30 மீட்டர் என்பது 98 அடிக்கும் மேல். பூண்டியின் தலைமேல் 24 அடிச் செம்பரம்பாக்கத்தைத் தூக்கி வைத்தேன் (காகிதத்தில்தான் ஐயா). போதவில்லை. அதன்மேல் 21 அடிப் புழலை வைத்தேன். இன்னும் 18 அடி உதைத்தது. கடைசியில் சோழவரத்தையும் ஏற்றி வைத்த பிறகுதான் கணக்கு நேரானது. சென்னைக்குத் தண்ணீர் தருகிற இந்த நாலு ஏரிகளையும் அடுக்கிவைத்தால் தங்கள் வாட்சின் பெருமைக்குச் சரியாக இருக்கும். நீர்வளத்துறை ஒத்துக்கொள்ளுமா தெரியவில்லை.

அடுத்து என் நினைவுக்கு வந்தது மேட்டூர். முழு நீர்மட்டம் 120 அடி. ஆகவே, இப்போது நானும் டெல்டாக்காரர்களைப் போல தினமும் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறேன். ஜூன் 12ஆம் தேதி குறுவைக்கு அணையைத் திறப்பார்களா என்று அவர்கள் கவலைப்படுவார்கள். திறந்துவிடப் போகிறார்களே, மட்டம் 98க்குக் கீழே போய்விட்டால் என் வாட்ச் கதி என்ன என்று நான் கவலைப்படுவேன். கர்நாடகம் தண்ணீர் விடாவிட்டால் தங்கள் உத்தரவாதமும் செல்லாது என்று அட்டையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இப்போதே அதில் கண்ணாடி, பட்டை, பேட்டரி, உறை, பட்டன், தண்ணீர் புகுதல் ஆகியவை நீங்கலாக மற்றவற்றுக்கு ஓராண்டு உத்தரவாதம் என்றுதானே இருக்கிறது? இவை நீங்கலாக ஒரு வாட்சில் மிச்சமிருப்பது நேரம் ஒன்றுதான். அதைத் தாங்கள் தயாரிக்கவில்லை.

போர்வெல்லையும் யோசிக்காமலில்லை. எங்கள் பக்கம் இப்போது ஐந்நூறு அடி, அறுநூறு அடி என்று இறக்குகிறார்கள். ஆழம் தாராளம். ஆனால் குழாய் ஆறரை இஞ்சு. வாட்ச் போகும், கூடவே நான் போக முடியாது.

வயற்காட்டானுக்கு எதற்கு இவ்வளவு வசதி உள்ள வாட்ச் என்று தங்கள் தம்பி கேட்காமல் விட்டதையும் நானே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மோட்டார் ஓட்ட த்ரீ பேஸ் கரண்ட் முறைவைத்து வருகிறது. பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம். ராத்திரி முறை வந்தால் அலாரம் வைத்து எழுந்து, வரப்பில் நடந்து, மோட்டார் கொட்டாயில் ஸ்விட்ச் போட்டு, எத்தனை நேரத்தில் மடை மாற்ற வேண்டுமோ அத்தனை நிமிஷத்துக்கு டைமர் வைக்க வேண்டும். ஸ்டாப் வாட்ச், டைமர், அலாரம், லைட் எல்லாம் எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. செல்போன் வாய்க்காலில் விழும். விழுந்து இரண்டு போன் போய்விட்டது வீட்டில். அதனால்தான் அரக்கோணத்தில் கடை ஏறி, ரெண்டாயிரத்துக்குள் ஆகிற, கீழே விழுந்தாலும் தாங்குகிற, தண்ணீர் பட்டாலும் தாங்குகிற வாட்ச் ஒன்று கேட்டேன். கடைக்காரர் தங்கள் பெட்டியை எடுத்து வைத்தார். உலகத்து முக்கியப் பட்டணங்களின் நேரமெல்லாம் இதில் வரும் என்றார்.

அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் மெட்ராஸுக்கே சொந்தமாக ஒரு நேரம் இருந்தது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தி. 1856இல் ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கமாக வாலாஜாவுக்குப் போட்ட ரயில் பாதையிலும் பிற்பாடு அந்த நேரம்தான் ஓடியது. அதைத் தூக்கிவிட்டு இந்திய நேரம் வந்தது. போகட்டும். இப்போது நான் ராத்திரி ஒன்றரை மணிக்கு மோட்டார் கொட்டாயில் நின்றுகொண்டு டோக்கியோவில் விடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம், அந்த எண்கள் தெரிந்தால்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன்மேல் வெள்ளைக்காரர் ஒருவர் படம். பாறை ஏறுகிறார். முழங்கை வரைக்கும் சேறு, மூக்கிலும் சேறு. தெறிக்கிற தண்ணீருக்கு நடுவில் மணிக்கட்டில் தங்கள் வாட்ச். கீழே, எதையும் தாங்கும் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. அந்தச் சேற்றைப் பார்த்துத்தான் வாங்கினேன் ஐயா. அது எனக்குத் தெரிந்த சேறு. அவர் வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இறங்குகிற சேற்றில் நான் தினமும் நிற்கிறேன். அவர் மேல் பட்டால் விளம்பரம், என் மேல் பட்டால் கவனக்குறைவா? சேற்றைக் காட்டி விற்றுவிட்டு, சேற்றிலிருந்து வந்தவனிடம் "இது உங்களுக்கு செட் ஆகாது" என்று சொல்வதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. ரெண்டாயிரம் ரூபாய் உங்களுக்கு மலிவு ரகம். எனக்கு அது நடவாளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி. விலை குறைந்த வாட்ச் வாங்குகிறவன்தான் அதிகம் நனைகிறான், அதிகம் வேர்க்கிறான், அதிகம் இடித்துக்கொள்கிறான். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் தண்ணீரை உத்தரவாதத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

மன்னிக்கவும். தங்கள் சமூகத்தில் குரலை உயர்த்திவிட்டேன். மேட்டூரில் நீர்மட்டம் சரிவதால் வந்த படபடப்பு.

இந்த 30 மீட்டர் ரகசியத்தைக் கேட்டறிந்தேன். ஐ.எஸ்.ஓ. 22810 என்று ஒரு உலகத்தரம் இருக்கிறதாம், 2010இல் வந்தது. அதன்படி வாட்சை அழுத்தத் தொட்டிக்குள் வைத்து, டயலில் போட்ட ஆழத்துத் தண்ணீர் என்ன அழுத்தம் தருமோ அதை ஏற்றிப் பார்ப்பார்கள். பிறகு சூடான தட்டில் வைத்து, கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, உள்ளே ஆவி படிகிறதா என்று பார்ப்பார்கள். படியாவிட்டால் பாஸ். வாட்ச் புதுசு, வாஷர் புதுசு, கை ஆட்டுவார் இல்லை, சோப்பு இல்லை, வேர்வை இல்லை. என் வாட்ச் அந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருக்கும், சந்தேகமே இல்லை. முக்குளிப்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று வேறு தரம் உண்டாம். குறைந்தது 100 மீட்டர், அதற்கு மேலும் கால் பங்கு அழுத்தம் கூட்டிச் சோதிப்பார்கள். கடலுக்குள் போகிறவருக்கு ஒரு தரம் இருக்கிறது. கரும்புக் கொல்லைக்குப் போகிறவருக்கு இன்னும் எழுதவில்லை.

தங்கள் தொழிலிலேயே வேறு மாதிரி மனிதரும் இருந்திருக்கிறார். ஜப்பானில் கேசியோ கம்பெனியின் என்ஜினீயர் கிகுவோ இபே. அவருடைய அப்பா கொடுத்த வாட்ச் யார் மீதோ இடித்துக் கீழே விழுந்து சுக்குநூறாகிவிட்டது. உடையாத வாட்ச் ஒன்று செய்கிறேன் என்று கிளம்பியவர், செய்து செய்து மூன்றாவது மாடிக் கழிவறை ஜன்னலிலிருந்து கீழே போட்டுப் பார்த்தார். விழுந்ததெல்லாம் உடைந்தது. இருநூறு மாதிரிகள் வரைக்கும் உடைந்த பிறகு, 1983இல் ஜி-ஷாக் வந்தது. பத்து மீட்டரிலிருந்து விழுந்தாலும், பத்து பார் தண்ணீர் அழுத்தத்திலும், பத்து வருஷ பேட்டரியிலும் நிற்க வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி. தங்கள் அலுவலகத்திலும் ஜன்னல் இருக்கும். வாட்சைப் போடச் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீர் வைத்துச் சோப்புப் போட்டுக் கை கழுவிப் பாருங்கள், போதும்.

என் அப்பா கட்டியது எச்.எம்.டி. ஜனதா. 1961இல் பெங்களூரில் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து அரசாங்கமே தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது. காலையில் சாவி கொடுக்காவிட்டால் ராத்திரியே மூச்சு வாங்கும். லைட் இல்லை, அலாரம் இல்லை, டோக்கியோ இல்லை. தண்ணீர் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை; அதனால் அப்பா குளிக்கப் போகும்போது கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த வாட்ச் இன்னும் ஓடுகிறது. 2016இல் எச்.எம்.டி. வாட்ச் பிரிவையே மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தக் கம்பெனி போய்விட்டதே என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை; அதன் சர்வீஸ் பற்றியும் ஊரில் கதைகள் உண்டு. ஆனால் அது முடியாததை டயலில் அச்சடிக்கவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. டயலில் 30 மீட்டர் என்று போட்டிருக்கும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தமிழில் "கை கழுவும்போது கழற்றவும்" என்று போடுங்கள். அதை விளம்பரத்திலும் போடுங்கள், பாறை ஏறுகிறவர் மூக்குக்குப் பக்கத்தில். இல்லாவிட்டால், எதையும் தாங்கும் என்ற வாக்கு பெட்டியில் இருக்கிற வரைக்கும் தண்ணீருக்கும் உத்தரவாதம் கொடுங்கள். இரண்டில் ஒன்று. ஒன்றும் முடியாது என்று தங்கள் பதில் வருமானால், திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் போட வழி இருக்கிறது. பெட்டி, பில், ஜாப் கார்டு மூன்றையும் பாலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்தப் பையின் மேல் எத்தனை மீட்டர் என்று எதுவும் எழுதவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் போகாது.

தங்கள் கிருபையை நாடும்,
மணவூர் விவசாயி

பின்குறிப்பு: தையில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் வாட்ச் போட வேண்டும். தாய்மாமன் என்ற முறையில் அது என் தலையில் விழுந்திருக்கிறது. பையன் போர்வெல் லாரியில் வேலை. நாள் முழுக்கத் தண்ணீரும் சேறும்தான். சீர் எழுதிய பெரியவர் "வாட்ச் ஒன்று" என்று எழுதியதோடு நிறுத்திவிட்டார், மீட்டர் போடவில்லை. தாம்பாளத்தில் எந்த மாடலை வைக்கலாம் என்று மார்கழி முடிவதற்குள் தெரியப்படுத்தினால் நல்லது.